திருச்சிக்கு ஐபிஎல் டீம் வருமா? வந்தா உங்க பணத்துக்கு என்ன ஆகும்?



ஒவ்வொரு ஐபிஎல் சீசன்லயும் நம்ம சேனலுக்கு ரெண்டு கேள்வி தவறாம வரும். ஒண்ணு, "திருச்சிக்கு எப்போ சார் டீம் வரும்?" இன்னொண்ணு, "சிஎஸ்கே அன்லிஸ்டட் ஷேர் கிடைக்குதாம், வாங்கலாமா?"

பார்க்க ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் ரெண்டுக்கும் அடியில் இருக்கிற கணக்கு ஒன்றுதான்: ஒரு லீக் புது டீம் சேர்க்கும்போது யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போகிறது? இது புரிந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் ஷேர் மெசேஜையும், "பஞ்சப்பூர் பக்கம் ஸ்டேடியம் வருது, இப்பவே பிளாட் போடுங்க" என்ற போன் காலையும் நீங்களே எடை போட்டுப் பார்த்துவிடலாம். திருவெறும்பூரில் முதல் வேலையில் இருப்பவரோ, ஸ்ரீரங்கத்தில் வீட்டை விட்டுவிட்டு சென்னையில் ஐடி வேலை பார்ப்பவரோ, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம்தான் இங்கே பணயம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டீம் எந்த ஊருக்குப் போகும்? யார் முடிவு பண்றாங்க?

"பெரிய ஊர், ரசிகர்கள் நிறைய, அதனால டீம் வரும்" என்று நினைக்கிறோம். ரசிகர்கள் வேண்டும்தான். ஆனால் அது முதல் தகுதி மட்டும். அதற்கு மேல் மூன்று விஷயம் வேண்டும்: இரவு மேட்ச் நடத்தத் தயாராக ஒரு மைதானம், பல நூறு கோடி கட்டத் தயாராக ஒரு முதலாளி, அந்தச் சந்தையில் விளம்பரம் பண்ண ஆசைப்படும் கம்பெனிகள்.

ஐபிஎல் வரலாற்றையே எடுத்துக்குங்க. 2008-ல் 8 அணிகள் ஏலம் போயின. சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அதையும் மொத்தமாகக் கட்டவில்லை, 10 வருடத் தவணை. 2010-ல் புனே, கொச்சி என்று இரண்டு ஊர் சேர்ந்தது. புனேவுக்கு 37 கோடி டாலர், கொச்சிக்கு 33 கோடி டாலருக்கு மேல். இரண்டே வருடத்தில் விலை மூன்று, நான்கு மடங்கு!

முடிவு என்ன? கொச்சி அணி 2011-ல் ஒரே ஒரு சீசன் ஆடியது, அதோடு ஒப்பந்தம் ரத்து. புனே வாரியர்ஸ் 2013-ல் கிளம்பிவிட்டது. கொச்சி உரிமையாளர்கள் நடுவர் மன்றம், நீதிமன்றம் என்று அலைந்து, 538 கோடி ரூபாய்க்கு மேல் தரவேண்டும் என்ற தீர்ப்பை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2025-ல்தான். ஒரு சீசன் ஆட்டத்துக்கு 14 வருட வழக்கு.

பிறகு 2021 அக்டோபரில் லக்னோ 7,090 கோடிக்கும், அகமதாபாத் 5,625 கோடிக்கும் போயின. இந்த இரண்டு ஊரிலும் டீம் வருவதற்கு முன்னாடியே மைதானம் தயாராக இருந்தது. லக்னோவில் ஏகானா ஸ்டேடியம், 50,000 இருக்கை. அகமதாபாத்தில் 1.32 லட்சம் பேர் உட்காரும் நரேந்திர மோடி ஸ்டேடியம். மைதானம் முதலில், டீம் பிறகு. இந்த வரிசையை மனசில் வச்சுக்குங்க.

திருச்சியின் கதை: பெயர் உண்டு, மைதானம் இல்லை

"திருச்சிக்கு டீமே இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறதே! 2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டிஎன்பிஎல் ஆரம்பித்தபோதே 8 அணிகளில் ஒன்று திருச்சி. முதலில் ரூபி திருச்சி வாரியர்ஸ், அப்புறம் பால்சி திருச்சி, அப்புறம் திருச்சி கிராண்ட் சோழாஸ். பத்து வருடத்துக்குள் மூன்று பெயர். 2021-ல் இறுதிப் போட்டி வரை போய், சேப்பாக்கிடம் 8 ரன்னில் கோப்பையை விட்டது நம்ம அணி.

ஆனால் டிஎன்பிஎல் மேட்ச் நடந்த ஊர்களைப் பாருங்கள்: சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம், நெல்லையில் சங்கர் நகர், கோவையில் ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம், சேலத்தில் வாழப்பாடி. திருச்சி இந்தப் பட்டியலில் இல்லை. காஜாமலையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, ஆனால் அது தடகளம், ஹாக்கி என்று எல்லாத்துக்குமான வளாகம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி நகர்ப்பகுதியின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாழப்பாடி ஒரு பேரூராட்சி. மேட்ச் போனது வாழப்பாடிக்கு, ஏனென்றால் மைதானம் அங்கேதான் இருக்கிறது. மதுரையிலும் 2025 அக்டோபரில் வேலம்மாள் நிறுவனம் கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியத்தை தோனி வந்து திறந்து வைத்துவிட்டார். இந்த ரேஸில் மதுரை நமக்கு முன்னாடி.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? டிஎன்பிஎல் "விரிவடைந்தது" என்று சொல்கிறோம், ஆனால் அணிகள் இன்றும் எட்டேதான். தூத்துக்குடி அணி சேலம் ஆனது. காஞ்சி அணி நெல்லை ஆனது. காரைக்குடி அணி திருப்பூர் ஆனது. புது ஊர் சேரவில்லை, பழைய ஊர் பெயர்ப் பலகை மாறியது, அவ்வளவுதான். காரைக்குடிக்காரர் "நம்ம ஊர் டீம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது திருப்பூருக்குப் போய்விட்டது. பனியன் கம்பெனிகளும் ஏற்றுமதிப் பணமும் புழங்கும் ஊர் திருப்பூர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு. வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடுவது. அங்கே 2019-ல் தொடங்கிய பிரீமியர் லக்ரோஸ் லீக், முதல் ஐந்து சீசனில் எந்த அணிக்கும் ஊரே கொடுக்கவில்லை. எல்லா அணிகளும் ஒரே கூட்டமாக ஊர் ஊராகப் போய் ஆடின. எங்கே கூட்டம் வருகிறது, எங்கே டிக்கெட் போகிறது என்று பார்த்துவிட்டு, 2024 சீசனில்தான் பாஸ்டன், டென்வர், பிலடெல்பியா என்று ஊர் பெயர் சூட்டினார்கள். சந்தையைச் சோதித்துவிட்டுப் பெயர் வைத்தார்கள். டிஎன்பிஎல் பெயரை முதலில் வைத்துவிட்டு மைதானத்தை வேறு ஊரில் தேடியது. ரெண்டுமே செலவைக் குறைக்கும் வழிகள்தான்.

புது டீம் வந்தால் பழைய டீமுக்கு லாபமா, நஷ்டமா?

இப்போ கணக்குக்கு வருவோம். பேனா, பேப்பர் எடுத்துக்குங்க.

ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்குப் போனது. வருடத்துக்கு 9,678 கோடி. இதில் சுமார் பாதி அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பாதி என்றே வைத்துக்கொண்டால் 4,839 கோடி. 10 அணி என்றால் ஒரு அணிக்கு ஏறக்குறைய 484 கோடி.

நாளைக்கே இரண்டு அணி சேர்த்து 12 ஆக்கினால்? அதே 4,839 கோடியை 12-ஆல் வகுக்க வேண்டும். ஒரு அணிக்கு 403 கோடி. பழைய அணி ஒவ்வொன்றும் வருடம் 80 கோடி இழக்கும். இதை ஈடுகட்ட, கூடுதல் மேட்ச்களைக் காட்டி ஒளிபரப்பு உரிமையை அதிக விலைக்கு விற்க முடிய வேண்டும். அது முடியும் என்று நம்பிக்கை வரும்போதுதான் லீக் கதவைத் திறக்கும். ரசிகர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகத் திறக்காது.

புதுசா வாங்குபவர் கணக்கு என்ன? லக்னோவுக்கு 7,090 கோடி, 10 வருடத்தில். சராசரியாக வருடம் 709 கோடி கட்ட வேண்டும். லீக்கிலிருந்து வருவது சுமார் 484 கோடி. அதுக்கு மேல் வீரர்கள் சம்பளம், பயணம், ஹோட்டல். ஸ்பான்சர், டிக்கெட் வருமானம் எல்லாம் சேர்த்தாலும் ஆரம்ப வருடங்களில் கை கடிக்கும். 2008-ல் வாங்கிய அணிகளோ 10 வருடத் தவணையை முடித்துவிட்டன. இப்போது வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். ஒரே லீக், ஒரே கோப்பை. ஆனால் சென்னையும் லக்னோவும் பொருளாதாரத்தில் வேறு வேறு வீடு. ஒருவர் வீட்டுக் கடனை முடித்தவர், இன்னொருவர் இப்போதுதான் இஎம்ஐ ஆரம்பித்தவர்.

இங்கேதான் சிஎஸ்கே ஷேர் வருகிறது

சிஎஸ்கே ஷேர் எப்படி வந்தது என்று முதலில் தெரிஞ்சுக்கலாம். அணி முதலில் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் ஒரு பகுதி. 2015 வாக்கில் அதைத் தனியாகப் பிரித்து சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற கம்பெனிக்கு மாற்றினார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் ஷேர் ஒன்று வைத்திருந்தவருக்கு சிஎஸ்கே ஷேர் ஒன்று என்று பிறகு கொடுத்தார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடவில்லை. அதனால்தான் "அன்லிஸ்டட்". டீலர்கள் மூலம் கை மாறுகிறது.

2018 வாக்கில் அதன் விலை பத்து, பதினைந்து ரூபாய் அளவில்தான் இருந்தது. 2021 அக்டோபரில் லக்னோ 7,090 கோடிக்குப் போனதும் எல்லோருக்கும் ஒரே யோசனை: "புது டீமே இவ்வளவுன்னா, நாலு கப் ஜெயிச்ச டீம் எவ்வளவு?" 2022 ஜனவரியில் விலை 210 ரூபாயைத் தாண்டியது. கம்பெனியின் மதிப்பு 7,600 கோடி என்று செய்திகள் வந்தன. வாட்ஸ்அப் மெசேஜ்களும் வந்தன.

அதுக்கப்புறம்? விலை இறங்கி நீண்ட காலம் 200-க்குக் கீழேயே கிடந்தது. 2023-ல் ஐந்தாவது கோப்பையும் ஜெயித்தார்கள். அப்படியும்தான். 2022-ல் உச்சத்தில் ஒரு லட்சம் போட்டவர், அதே பணத்தை 7 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் நான்கு வருடத்தில் ஏறக்குறைய 1.31 லட்சம் ஆகியிருக்கும்.

சிஎஸ்கே மோசமான கம்பெனி என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பெனியும் தப்பான விலைக்கு வாங்கினால் நமக்கு மோசமான முதலீடுதான். அதுவும் அன்லிஸ்டட் என்றால் இன்னும் நாலு விஷயம் சேர்ந்துகொள்ளும்:

1. விலையை யார் சொல்றது? சந்தை இல்லை, டீலர்தான். உங்களுக்கு 200-க்கு விற்பவர், நீங்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்தால் 185 என்று சொல்லலாம். வாங்கிய அன்றே ஏழரை சதவீதம் போச்சு. அன்லிஸ்டட் ஷேர் விற்கும் அங்கீகாரமற்ற ஆன்லைன் தளங்களைப் பற்றி செபி 2024 டிசம்பரில் எச்சரிக்கையே விட்டது.

2. ஐபிஓ வந்தா பறக்கும் என்ற நம்பிக்கை. எச்டிபி பைனான்சியல் கதையைப் பாருங்கள். அன்லிஸ்டட் சந்தையில் 1,200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2025 ஜூனில் ஐபிஓ விலை என்ன வந்தது? 700 முதல் 740. அது மட்டுமில்லை, ஐபிஓ-வுக்கு முன் வாங்கியவர்கள் பட்டியலிட்ட பிறகு 6 மாதம் விற்கவும் முடியாது.

3. வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்கள் ஸ்லாப்படி. பட்டியலிட்ட ஷேருக்குக் கிடைக்கும் 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதுக்குக் கிடையாது. 40,000 ரூபாய் நீண்டகால லாபம் என்றால் 5,000 வரி, செஸ் தனி.

4. ஐடிஆர் படிவம். இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. வருடத்தில் ஒரு நாள் அன்லிஸ்டட் ஷேர் கையில் இருந்தாலும் நீங்கள் ஐடிஆர்-1 போடக் கூடாது, ஐடிஆர்-2 தான். விற்கவே இல்லை என்றாலும் அந்த விவரத்தைக் காட்ட வேண்டும். பத்து ஷேர் ஆசைக்கு வாங்கியவருக்கும் இதே விதிதான்.

இதோடு லீக் ரிஸ்க் தனி. 2016, 2017 இரண்டு சீசன் சிஎஸ்கே தடையில் இருந்தது, ஞாபகம் இருக்கும். ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பிறகு நின்று, 2024 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. சென்னையின் எஃப்சி ஆடும் ஐஎஸ்எல், ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டது. சோப்பு விற்கிற கம்பெனிக்கு ரெண்டு வருடம் கடையை மூடு என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டு அணிக்கு அது நடக்கும்.

"சரி, லிஸ்டட் கம்பெனி ஷேர் வாங்கறேன்"

சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி சன் டிவி நெட்வொர்க்குடையது. 2012-ல் வருடத்துக்கு 85.05 கோடி என்று எடுத்தார்கள். லக்னோ அணியை வைத்திருக்கும் கம்பெனியில் பெரும்பங்கு ஆர்பிஎஸ்ஜி வென்சர்ஸிடம். இரண்டும் பட்டியலிட்டவை, எளிதாக வாங்கலாம், விற்கலாம். ஆனால் சன் டிவி ஷேர் வாங்கினால் நீங்கள் முக்கியமாக வாங்குவது சேனல் விளம்பர வருமானத்தை. அணி அதில் ஒரு பகுதி. அணி கப் ஜெயித்தாலும் டிவி விளம்பரம் குறைந்தால் ஷேர் இறங்கலாம்.

இன்னொரு குழப்பம்: "இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கினா சிஎஸ்கே ஷேர் ஃப்ரீயா வரும்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வராது. பிரிவினை முடிந்து பல வருடம் ஆச்சு. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்கும் போய்விட்டது.

ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. அரியலூர் பக்கம் தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இருப்பதால், நம்ம பகுதிக்கு இந்தக் கம்பெனி புதுசு இல்லை. உங்க தாத்தாவோ அப்பாவோ அந்தக் காலத்தில் அந்த ஷேர் வாங்கி, காகிதச் சான்றிதழாக பீரோவில் வைத்திருந்தால், பிரிவினை நேரத்தில் அவர் பெயரில் சிஎஸ்கே ஷேரும் ஒதுக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால் அந்தப் பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபோலியோ எண் கிடைத்தால் கம்பெனியின் ரிஜிஸ்ட்ராருக்கு எழுதலாம். ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காமல் விட்ட ஷேர்கள் ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும், அதையும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். டீலரிடம் 200 ரூபாய் கொடுப்பதற்கு முன் வீட்டு பீரோவைத் தேடுவது லாபம்.

ஸ்டேடியம் வருது, பிளாட் வாங்கலாமா?

பஞ்சப்பூரில் புது பஸ் நிலையம் 2025 மே மாதம் திறந்தாச்சு. விமான நிலையத்தின் புது டெர்மினல் 2024 ஜனவரியில் திறந்தாச்சு. இவை வருடம் 365 நாளும் ஆள் வரும் இடங்கள். ஸ்டேடியம் அப்படி இல்லை. ஐபிஎல் அணி ஒன்று லீக் சுற்றில் 14 மேட்ச் ஆடும், அதில் சொந்த ஊரில் 7. வருடத்தில் 7 மாலை!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வைகுண்ட ஏகாதசி நேரத்தில், பகல் பத்து, இராப் பத்து நாட்களில் உத்திர வீதி, சித்திரை வீதியில் நிற்க இடம் இருக்காது. கடைக்காரர் அந்தக் கூட்டத்தை மட்டும் நம்பி வாடகை பேசினால் கதை கந்தல்தான், ஏனென்றால் வாடகை 12 மாதத்துக்கும். அங்கே கடை ஓடுவது தினமும் பெருமாளைப் பார்க்க வருகிறவர்களால். ஸ்டேடியத்துக்கு அந்த தினசரிக் கூட்டம் கிடையாது.

அதனால் பிளாட் வாங்குவதென்றால் ஸ்டேடியம் என்ற பேச்சைக் கழித்துவிட்டு, இந்த விலை நியாயமா என்று பாருங்கள். டிடிசிபி அங்கீகாரம், ரெரா பதிவு எண், வில்லங்கச் சான்று, பட்டா நான்கும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஸ்ரீரங்கம் பக்கம் என்றால் கோயில் நிலமா என்பதையும் கூடுதலாக விசாரியுங்கள்.

உங்க சம்பளத்தில் இது எங்கே பொருந்தும்?

ஒரு உதாரணம். கைக்கு 40,000 வருகிறது, செலவு 25,000, கையில் மொத்த முதலீடு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நான்கு மாதச் செலவு, அதாவது ஒரு லட்சம், அவசரத்துக்குத் தனியாக இருக்கிறதா? மருத்துவக் காப்பீடு, உங்களை நம்பி ஆள் இருந்தால் டேர்ம் காப்பீடு இருக்கிறதா? எஸ்ஐபி ஓடுகிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால், மொத்தத்தில் 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாய், ஆசைக்காக ஒதுக்கலாம். 200 ரூபாய் விலையில் அது 75 ஷேர். இரட்டிப்பானால் 15,000 லாபம், பூஜ்யமானாலும் உங்க வாழ்க்கை நிற்காது.

மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், பர்சனல் லோன் போட்டோ கிரெடிட் கார்டில் தேய்த்தோ வாங்க நினைத்தாலும், வேண்டாம். அந்த 15,000-க்கு ரெண்டு பேராகச் சேப்பாக்கம் போய் மேட்ச் பார்த்துவிட்டு வாங்க, மீதிப் பணமாவது திரும்பி வரும்.

திருச்சிக்கு டீம் வருமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: டீம் செய்தியைத் தேடாதீர்கள். விளக்குக் கோபுரத்தோடு ஒரு முழு கிரிக்கெட் மைதானம் கட்டி முடித்தார்கள் என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் முதலில் டிஎன்பிஎல் மேட்ச் வரும், மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, இது புரிந்துகொள்வதற்கான கட்டுரை மட்டுமே. ஐடிஆர்-2 படிவத்தில் அன்லிஸ்டட் ஷேரை எங்கே, எப்படிக் காட்டுவது என்பதை அடுத்த வீடியோவில் ஸ்கிரீனோடு பார்க்கலாம். பீரோவில் பழைய ஷேர் சான்றிதழ் கிடைத்தவர்கள் கமென்ட்ல சொல்லுங்க, ஃபோலியோ எண்ணை மட்டும் அங்கே போடாதீங்க!